பூச்சி அரித்த கீரை

அலுவலகத்தில் அவளுக்குக் காதக்கா என்று பெயர். பதினோரு வருடமாகச் செய்துவந்த வேலை அப்படி. அது ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம். சோப்பு, பற்பசை, காப்பீடு என்று ஏதாவது ஒன்றைப் பற்றிக் கடை வாசலில் நின்று ஆட்களிடம் கேள்வி கேட்க இருபது முப்பது இளம்பெண்கள் இருந்தார்கள். அவர்கள் பதிவு செய்து அனுப்பும் பேச்சை, மூன்றாம் மாடியில் பஞ்சு பிய்ந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்பது இவள் வேலை. கேள்வியை உள்ளபடி கேட்டார்களா, பதிலை வாயில் ஊட்டினார்களா, வெயிலுக்குச் சோம்பிப்போய்த் தாங்களே நிரப்பிவிட்டார்களா என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 'ஏற்பு' அல்லது 'தள்ளுபடி' போட வேண்டும். பொய் சொல்லும் குரலை மூன்றாவது வார்த்தையிலேயே பிடித்துவிடுவாள் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு. அவளும் அதை மறுத்ததில்லை.

அந்த மாதம் வந்த வேலை ஓர் ஆர்கானிக் கடைக்காக. நகரத்தில் அவர்களுக்கு ஒன்பது கிளைகள். பூச்சிமருந்து அடிக்காத காய்கறியை இரண்டு மடங்கு விலை கொடுத்து மக்கள் ஏன் வாங்குகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். இருநூறு பேரிடம் பத்துக் கேள்வி. அதில் ஏழாவது கேள்விதான் முக்கியம். 'இதைத் தவிர வேறு ஏதாவது காரணம் உண்டா?' என்று கேட்டுவிட்டு, ஐந்து விநாடி வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். காதக்காவே சேர்க்கச் சொன்ன கேள்வி அது. காரணம் கேட்டால் முதலில் வருவது ஊருக்குச் சொல்லும் பதில், கொஞ்சம் காத்திருந்தால்தான் உள்ளே இருப்பது வரும் என்பது அவள் அனுபவம்.

அப்படித்தான் வந்தது. 'உடம்புக்கு நல்லது' என்று எல்லோரும் ஆரம்பித்தார்கள். ஐந்து விநாடி கழித்து ஒரு பெண், எதிர்வீட்டுக்காரி அந்தக் கடைப் பையோடு மாடிப்படி ஏறுவதைப் பார்த்துத்தான் தானும் வர ஆரம்பித்ததாகச் சொன்னாள். ஒரு வங்கி ஊழியர், மனைவி அனுப்புகிறாள், வாங்காமல் போனால் வீட்டுக்குள் விடமாட்டாள் என்றார். ஆறுமாதக் குழந்தைக்கு முதல்முதலாகக் கேரட் மசித்துக் கொடுக்கப்போகும் ஒரு தாய், கை நடுங்குகிறது, அதனால் வந்தேன் என்றாள். ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து நாற்பது நாள். இன்னொருவருக்கு அங்கே வாங்கும் தக்காளியில் தக்காளி வாசனை வருகிறதாம், அவ்வளவுதான்.

காதக்கா அந்தக் கடைப் பக்கம் போனதே இல்லை. பணம் கொழுத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தாள். எப்போதோ ஒரு நாள் சாப்பிடும்போது கணவரிடம் அதைச் சொன்னதும் உண்டு. அவர் தட்டைப் பார்த்தபடி "ம்" என்றார். அவர் எதற்கும் அதிகம் பேசுகிறவரில்லை. வேலை செய்யும் இடத்தில் அவரை மௌனச்சாமி என்று கூப்பிடுவார்கள். ஊமைக்கும் காதுக்கும் எப்படித்தான் பொருத்தம் பார்த்தார்களோ என்று உறவுக்குள் ஒரு கேலி உண்டு.

நூற்றுப் பதினேழாவது பேட்டி ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் காதுக்கு வந்தது. எடுத்தவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆன புதுப்பெண். தொடங்கும்போது நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், சொல்லவில்லை. காதக்கா தாளில் 'அறிமுகம் இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா? கடைக்காகக் கேக்குறோம்."

"ம்."

அவள் பேனா நின்றது. பதினான்கு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த ஒரு 'ம்' போதும்.

"கேளும்மா. பஸ் வர நேரமிருக்கு" என்றது கணவரின் குரல்.

ஏதோ தவறுதலாக அந்தக் கடை வழியாகப் போயிருப்பார் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஆனால் எவ்வளவு நாளாக வாங்குகிறீர்கள் என்ற கேள்விக்கு இரண்டரை வருடம் என்றார். வாரம் இரண்டு தடவை என்றார். கீரை, கேரட், தக்காளி, வெள்ளரிக்காய், கிடைத்தால் ஆப்பிள். அவள் சமைத்துப் போட்ட, அவள் தின்ற காய்கறிப் பட்டியலை அவர் யாரோ ஒரு பெண்ணிடம் ஒவ்வொன்றாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் காய்கறி வாங்கி வருவது அவர் பொறுப்பு. வேலை முடிந்து வரும் வழியில் சந்தை என்று சொல்வார். பூச்சி அரித்த கீரையாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருகிறீர்களே, கண் எங்கே போச்சு என்று அவள் எத்தனையோ தடவை கடிந்துகொண்டிருக்கிறாள். சந்தையில் இதுதான் கிடைத்தது என்பார்.

என்ன வேலை என்று புதுப்பெண் கேட்டாள். பூச்சிமருந்துக் கம்பெனி, கலவைப் பிரிவு என்றார். புதுப்பெண் சிரித்துவிட்டாள்.

"என்னண்ணா, மருந்துக் கம்பெனியில இருந்துக்கிட்டு மருந்தடிக்காத காய் வாங்குறீங்க?"

"அதனாலதாம்மா வாங்குறேன்."

அவரும் லேசாகச் சிரித்தது கேட்டது. பிறகு ஏழாவது கேள்வி வந்தது. திரையில் விநாடி ஓடியது. ஐந்து. ஒன்பது. பதினான்கு. புதுப்பெண் அடுத்த பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாளோ என்னவோ, தாள் புரளும் சத்தம் வந்தது. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அவர் பேச ஆரம்பித்தார்.

"எனக்காக இல்லம்மா. நான் உள்ளே இழுக்க வேண்டிய மருந்தெல்லாம் இழுத்தாச்சு, பதினேழு வருஷமா. என் வீட்டுக்காரிக்காக வாங்குறேன். எங்களுக்கு மூணு தடவை உண்டாச்சு. மூணும் நிக்கல. கடைசி தடவை அஞ்சு மாசம் தாண்டியாச்சு, தொட்டில்கூடப் பாத்து வெச்சிருந்தோம். டாக்டருங்க அவ உடம்பைத்தான் தோண்டித் தோண்டித் தேடினாங்க. ஒண்ணும் கிடைக்கல. ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி கம்பெனியில ஒரு பாதுகாப்பு வகுப்பு நடந்துச்சு. புதுசா வந்த அதிகாரி எடுத்தார். வேலை பாத்த துணியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, மாசமா இருக்கிற பொம்பளைங்க அதைத் தொடவே கூடாது, கரு தங்காதுன்னு சொன்னார். சொல்லிட்டு அடுத்த படத்தைப் போட்டுட்டார். அதுக்கப்புறம் அவர் என்ன பேசினார்னு எனக்குத் தெரியாது. அவ என் துணியை வெறுங்கையால துவைச்சவம்மா. பக்கெட்ல ஊறவெச்சு, காலருக்கு பிரஷ் போட்டுத் தேய்ப்பா."

புதுப்பெண் கேள்வித்தாளை மறந்துவிட்டிருக்க வேண்டும். அவங்களுக்குச் சொல்லிட்டீங்களாண்ணா என்று சின்னக் குரலில் கேட்டாள்.

"எந்த வாயால சொல்றது? இனிமே அவ உள்ளே போறதாவது சுத்தமாப் போகட்டும். என்னால ஆனது அதுதான்."

"இதுக்கு எந்தக் கட்டத்துல டிக் போடணும்னு தெரியலண்ணா."

"உடம்புக்கு நல்லதுன்னு போட்டுக்கோம்மா."

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி அவர் ஓடும் காலடிச் சத்தத்தோடு பதிவு முடிந்தது.

காதக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை. அதற்குள் ஒன்றும் ஓடவில்லை, ஆனாலும் மாட்டிக்கொண்டே இருந்தாள். அடுத்த மேசைக்காரி ஸ்டேப்ளர் கேட்டாள், எடுத்துக் கொடுத்தாள். யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். மேசை மேல் கிடந்த தன் இரண்டு கைகளையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை நினைவுக்கு வந்தது. அழுகின பூண்டைப் போல ஒரு வாடை. எத்தனை தடவை அலசினாலும் முழுசாகப் போகாது. துவைத்து முடித்தால் உள்ளங்கை கொஞ்ச நேரம் மரத்துக் கிடக்கும். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நான்கு விதமான சோப்பு மாற்றிப் பார்த்திருக்கிறாள். ஐந்தாவது மாதத்தில்கூட, குனிய முடியாமல், முக்காலி போட்டு உட்கார்ந்து துவைத்திருக்கிறாள்.

மறுபடி முதலிலிருந்து கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். பொய்யைத் தேடித்தான் கேட்டாள். ஒரு வார்த்தையில்கூட அகப்படவில்லை.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. உன் இடுப்பு வலிக்கு என்றார். அன்றிலிருந்து தன் துணியைத் தானே போட்டு எடுத்துக்கொண்டார். குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். தனித் துண்டு வைத்துக்கொண்டார். வயசாக ஆக மனுஷனுக்கு அன்பு கூடுகிறது என்று அவள் அலுவலகத்தில் பெருமை அடித்திருக்கிறாள். இரண்டொரு தடவை வேறு சந்தேகமும் வந்ததுண்டு, குளித்துவிட்டு வருகிற புருஷனைப் பற்றி எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடிய சந்தேகம். கடைசியில் விஷயம் இதுவாக இருந்தது.

பிறகுதான் அவளுக்கு அந்தப் பிறந்தநாள் விழா ஞாபகம் வந்தது. போன வருடம் நாத்தனாரின் பேத்திக்கு ஒரு வயது நிறைந்தது. யாரோ குழந்தையை இவள் கையில் கொடுத்தார்கள். நாத்தனார் வந்து, "உனக்குப் பழக்கமில்ல, குடு" என்று வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு பக்கத்திலிருந்தவளிடம், இவள் காதில் விழும்படியாக, என் தம்பி வாங்கி வந்த வரம் அப்படி என்றாள். மௌனச்சாமி இவளுக்கு அரை அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போது அவருக்குத் தெரியும். ஒன்றரை வருடமாகத் தெரியும்.

அதை நினைத்த பிறகுதான் அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

பேட்டி கொடுத்தவர் ஊழியருக்கு உறவினராக இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும் என்பது விதி. நூற்றுப் பதினேழுக்கு நேராக 'தள்ளுபடி' என்று போட்டாள். அரைநாள் விடுப்பு கேட்கப் போனபோது மேலாளர் தாளைப் பார்த்துவிட்டு, என்ன, போலிப் பேட்டியா என்றார். இல்லை, நல்ல பேட்டிதான், தெரிந்தவர் என்றாள். இன்னொருவரைப் பிடித்துக் கணக்கைச் சரி செய்யச் சொல்கிறேன் என்று அவர் அடுத்த வேலையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பால்கனியில் நின்றாள். மூன்றரை மணிக்கு அவர் தெருமுனையில் திரும்பினார். எதிர்க் கட்டடத்தின் மாடிப்படி ஓரமாக ஒதுங்கி, காகிதப் பையிலிருந்த கேரட்டையும் கீரையையும் எடுத்து ஒரு சாதாரண நெகிழிப் பையில் போட்டார். காகிதப் பையை நான்காக மடித்துக் குப்பைத் தொட்டியில், மேலாகத் தெரியாதபடி உள்ளே தள்ளினார். நிதானமாக, பழகின கையாக அதைச் செய்தார். இருநூறு தடவையாவது செய்திருப்பார்.

உள்ளே வந்தவர் அவளைப் பார்த்து, என்ன சீக்கிரம் என்று கேட்டார். அவள் பையை வாங்கி மேசை மேல் வைத்தாள்.

"இதை எங்க வாங்கினீங்க?"

"சந்தையில."

"போன வாரம் ஒரு பொண்ணுகிட்ட வேற மாதிரி சொன்னீங்களே."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. அவள் எங்கே வேலை செய்கிறாள், என்ன வேலை செய்கிறாள் என்பது அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஏறியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு நொடியில் சுருங்கிப்போனதை அவள் பார்த்தாள்.

"அது உங்க கம்பெனின்னு தெரிஞ்சிருந்தா வாயே தொறந்திருக்க மாட்டேன்" என்றார்.

"தெரியும். அதுதான் எனக்கு ஆத்திரம்."

அவர் தலை நிமிரவில்லை. அவள் நின்றபடியே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"துணியைக் கொண்டுவந்ததுக்கு உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியாது. தெரிஞ்ச பிறகு? உங்க அக்கா என் கையிலேருந்து குழந்தையை வாங்கினப்போ நீங்க பக்கத்துல நின்னீங்க. தெரிஞ்சுகிட்டே நின்னீங்க. எனக்குக் கீரை வாங்கிக் குடுத்தா அது சரியாப்போச்சா?"

"சொன்னா நீ போயிடுவியோன்னு பயந்தேன்."

"போயிருப்பேனோ இருந்திருப்பேனோ. அதை நான்ல முடிவு பண்ணியிருக்கணும்?"

அவள் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான்கு நாள் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் இரண்டு தடவை கதவருகே வந்து நின்றுவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் காலை அவளே வந்து, டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், கிளம்புங்கள் என்றாள்.

டாக்டரம்மா பழைய கோப்பைத் தேடி எடுத்தாள். மௌனச்சாமி எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கணவருக்கு என்ன வேலை என்று அந்தக் காலத்தில் யாருமே கேட்கவில்லையா என்று தன் கோப்பிடமே கேட்பதுபோலக் கேட்டாள். முதல் பக்கத்தில் அந்தக் கட்டம் இருந்தது. 'தனியார் வேலை' என்று யாரோ நிரப்பியிருந்தார்கள். துணிதான் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இவ்வளவு வருடம் கழித்து எந்தப் பரிசோதனையும் அதைச் சொல்லாது என்றாள். காதக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. இனிமேல் முயற்சி பற்றி டாக்டரம்மா எதுவும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. வெளியே வந்து லிஃப்டுக்கு நின்றபோது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"கடை வாசல்ல சொன்னதை உங்க அக்கா வீட்டுலயும் சொல்லணும். நான் கூட வர்றேன்."

நாத்தனார் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. ஞாயிற்றுக்கிழமை காலை போனபோது ஒரு பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வாங்க என்று சொல்லிவிட்டுத் தைப்பதை நிறுத்தவில்லை. மௌனச்சாமி உட்காராமல் நின்றார். மூன்று தடவை தொண்டையைக் கனைத்தார். பிறகு, யாருக்காகவோ மனப்பாடம் செய்ததுபோல, வரிசையாகச் சொல்லி முடித்தார். குறை இவளிடம் இல்லை, நான் கொண்டுவந்த துணியில் இருந்திருக்கலாம், எனக்கு இரண்டரை வருடமாகத் தெரியும், நீ அன்றைக்குப் பேசியபோதும் தெரியும் என்றார்.

நாத்தனார் முதலில் நம்பவில்லை. யார் உன் மண்டையில் இதை ஏற்றியது என்று சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் இவளைப் பார்த்தாள். எவனோ வகுப்பில் உளறினானாம், இவர் கேட்டாராம் என்று முணுமுணுத்தபடி தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் திருப்பினாள். ஊசி துணிக்குள் இறங்கி நின்றது. அவள் கையும் அப்படியே நின்றது.

"உன் கல்யாணத்துக்கு முன்னாடி உன் துணியை யாருடா துவைச்சா?" என்று கேட்டாள்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வருடம் இந்த வீட்டில்தான் இருந்தார். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த மூன்று வருடத்துக்குள் நாத்தனாருக்கு மூத்தவளுக்கும் இளையவனுக்கும் நடுவே ஒன்று பிறந்து, அழாமலே போனதும் தெரிந்த விஷயம்தான். இரண்டையும் சேர்த்து வைத்து இதுவரை யாரும் பார்த்ததில்லை.

மௌனச்சாமிக்கே அது தோன்றியிருக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நிறைமாசம்" என்றாள் நாத்தனார். "நான் என்னத்தையோ தின்னுட்டேன், எங்கேயோ விழுந்து மறைச்சுட்டேன்னு என் மாமியார் சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாங்க."

காதக்கா அந்த வீட்டுக்கு வந்தபோது மனதில் வைத்திருந்த வார்த்தைகள் நிறைய. பதினான்கு வருடத்து வார்த்தைகள். அவற்றில் ஒன்றுகூட இப்போது பயன்படாது என்று தெரிந்தது. அவள் எழுந்து போய், ஊசியை ஒட்டினாற்போலத் துணிமேல் இருந்த நாத்தனாரின் விரலை மெதுவாக விலக்கி எடுத்தாள். நல்லவேளை, குத்தவில்லை. நாத்தனார் மன்னிப்புக் கேட்கவில்லை. அது அவள் சுபாவத்திலேயே கிடையாது. தம்பியைப் பார்க்காமல் இவளைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தக் கம்பெனியில கல்யாணமானவனுங்க எத்தனை பேரு?"

கலவைப் பிரிவிலும் பாட்டில் நிரப்பும் பிரிவிலும் சேர்த்துப் பத்தொன்பது பேர். முகவரிகளை மௌனச்சாமி எழுதிக் கொடுத்தார். இரண்டு பெண்களும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். நாத்தனார்தான் பேசினாள். சண்டை போட்டுப் பழகிய வாய் அன்றைக்கு நல்லதற்குப் பயன்பட்டது. ஒரு வீட்டில் கதவைப் பாதி திறந்து கேட்டுவிட்டு, எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட வந்தீர்களா என்று சாத்தினார்கள். ஒரு வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பரவாயில்லை, எங்களுக்கு மூன்றும் நல்லபடியாகவே பிறந்தது என்று அந்தம்மாள் சிரித்தாள். ஆனால் ஏழு வீடுகளில் பேச்சு பாதியில் நின்றது. ஒருத்தி விரல் விட்டு எதையோ எண்ணினாள். ஒருத்தி, அந்த வாடையா, அழுகின பூண்டு மாதிரியா என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஒன்பது பெண்கள் கம்பெனி வாசலில் போய் நின்றார்கள். பாதுகாப்பு அதிகாரி வெளியே வந்தார். சலவை அறை கேட்டு மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன், ஒன்றுக்கும் பதில் இல்லை என்றார். உங்கள் கடிதத்தை விடுங்கள், எங்களிடம் ஏன் யாரும் சொல்லவில்லை, துவைக்கிறவர்களுக்கு ஏன் வகுப்பு எடுக்கவில்லை என்று காதக்கா கேட்டாள். அந்த மனிதர் உண்மையாகவே திகைத்துப்போனார். அது எனக்குத் தோன்றவில்லை என்றார். ஐந்து வாரத்தில் இரண்டு சலவை இயந்திரம் வந்தது. மௌனச்சாமி கலவைப் பிரிவிலிருந்து அட்டைப்பெட்டிக் கிடங்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் அவள் அவரோடு பேசுவாள். சில நாள் எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அவர் அதைப் பொறுத்துக்கொண்டார்.

அவர்கள் கடைசியாகப் போன வீடு பட்டியலில் இல்லாதது. சேர்ந்து இரண்டே மாதமான ஒரு புதுத் தொழிலாளி, ஊருக்கு வெளியே ஒற்றை அறையில் குடியிருக்கிறான், மனைவியை இப்போதுதான் அழைத்து வந்திருக்கிறான் என்று மௌனச்சாமி தகவல் கொண்டுவந்தார். கம்பெனியில் இயந்திரம் இருக்கிறதே, இனி எதற்கு என்றாள் நாத்தனார். எதற்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று காதக்கா இழுத்துக்கொண்டு போனாள்.

கதவு திறந்தே இருந்தது. பின்பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கூப்பிட்டபடி உள்ளே போனார்கள். இருபத்திரண்டு வயது இருக்கும், ஒரு பெண் சின்ன முக்காலியில் உட்கார்ந்து, நீலச் சட்டையின் காலரை பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். வயிறு முட்டிக்கு மேல் எடுப்பாகத் தெரிந்தது. யாரென்று தெரியாவிட்டாலும் முகம் மலர்ந்து, உட்காருங்கக்கா, இதோ வந்துடறேன் என்றாள். அங்கே மெஷினுக்கு வரிசையில் நிற்க நேரமாகிறது, அதனால் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுகிறார் என்று கேட்காமலே சொன்னாள்.

அந்த வாடை அறை முழுக்க இருந்தது.

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டாள். காதக்காதான் குனிந்து, அவள் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கித் தள்ளி வைத்தாள். இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் குழாயடிக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டாள். கழுவக் கழுவ விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. டாக்டரம்மா சொன்ன 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

அந்தப் பெண் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முகத்திலிருந்த மலர்ச்சி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பக்கெட்டைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். ஈரக்கையை வயிற்றின் மேல் வைக்கப் போனவள், பாதியில் நிறுத்தி, கையை உடம்பிலிருந்து தள்ளி, அந்தரத்தில் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நேத்துகூடத் துவைச்சேனே" என்றாள்.

காதக்கா தன் முந்தானையை எடுத்து அந்தக் கைகளைத் துடைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். நாத்தனார் அதற்குள் வாசலுக்குப் போய் ஓர் ஆட்டோவை நிறுத்தியிருந்தாள்.